தாம்பரம் டு சோழிங்கநல்லூர்: தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிழக்குத் தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. நடுவே 18 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையில் நேர் ரயில் கிடையாது. பஸ் உண்டு; ஆனால் மேடவாக்கத்தில் அது நிற்கிற நேரத்துக்கு இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறலாம். ஆகவே பைக். ஏழு வருடமாக இதே ஓட்டம்.

ஆரம்பத்தில் நானும் சந்து பார்த்து நுழைகிற ஆள்தான். ஒரு மாதம் போனில் நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்தேன். நுழைந்து, வளைந்து, மஞ்சள் விளக்கில் பாய்ந்து போன நாட்களில் 44 நிமிடம். வரிசையோடு வரிசையாக ஊர்ந்து போன நாட்களில் 48. ஏழே முக்காலுக்குப் பதிலாக ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பிய நாட்களில் 36. ஓட்டுகிற விதத்தில் மிச்சம் நாலு நிமிடம். கிளம்புகிற நேரத்தில் மிச்சம் பன்னிரண்டு. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு நான் பைக் ஓட்டும் முறையே மாறிவிட்டது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த மாற்றத்திலிருந்து வந்தவை.

முதல் படி: ஞாயிற்றுக்கிழமை வழியைப் பாருங்கள்

புது வேலையில் சேரும் முன்பு ஒரு ஞாயிறு காலை அந்த வழியில் மெதுவாகப் போய் வாருங்கள். வாகனம் இல்லாத சாலைதான் தன் குணத்தைக் காட்டும். எங்கே பள்ளம், எங்கே வர்ணம் பூசாத ஸ்பீடு பிரேக்கர், எந்த டிவைடர் திடீரென்று ஆரம்பிக்கிறது, எந்த மூலையில் மணல் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் திங்கட்கிழமை நெரிசலில் தெரியாது.

என் வழி சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம். அங்கே வலதுபக்கம் திரும்பினால் பெரும்பாக்கம், பிறகு சோழிங்கநல்லூர். மேடவாக்கத்தில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. வேகத்தில் மேம்பாலத்தில் ஏறிவிடுவார்கள். ஏறினால் பள்ளிக்கரணைப் பக்கம் போய்த்தான் இறங்க வேண்டும். சோழிங்கநல்லூர் போகிறவர் பாலத்துக்கு நன்றாக முன்பே சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். கடைசி நொடியில் பாலத்தின் வாயிலிருந்து குறுக்கே வெட்டுகிறவர்களால்தான் அங்கே பாதிச் சத்தம்.

மாற்று வழி ஒன்றும் கையில் இருக்கட்டும். எனக்கு அது பள்ளிக்கரணை போய், ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம், அங்கிருந்து ராஜீவ் காந்தி சாலை. ஆறேழு கிலோமீட்டர் கூடுதல். ஆனால் மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்துக்காக மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கிய நாட்களில் அது பல தடவை காப்பாற்றியிருக்கிறது. மெட்ரோ தடுப்பு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்கும் என்று நம்பவே கூடாது.

இந்த வழியில் இன்னொரு விசேஷம். காலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். இரண்டு வேளையும் சூரியன் நேராக முகத்தில். உங்கள் வீடும் அலுவலகமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கண் கூசும் அந்த இருபது நிமிடத்தில் எதிரே குறுக்கிடுகிற ஆள் நிழலாகத்தான் தெரிவார். அதைவிட முக்கியம், எதிரே வருகிறவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள், உங்களுக்கு அவர் தெரியமாட்டார்.

இரண்டாம் படி: வண்டியும் கணக்கும்

தினசரி ஓட்டத்துக்கு 100 முதல் 125 சிசி வண்டியே போதும். 150க்கு மேல் வாங்கினால் இந்தச் சாலையில் மூன்றாவது கியரைத் தாண்டும் இடம் குறைவு. கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மணிக்கட்டு வலிப்பதுதான் மிச்சம். ஒரே ஒரு காரணத்துக்காகப் பெரிய வண்டியை ஆதரிப்பேன். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் இருந்தால் போதும் என்று அப்போதைய விதி. மழைக்காலத்தில் ஏபிஎஸ் தரும் நிம்மதி தனி.

ஸ்கூட்டரா பைக்கா என்று கேட்டால், இந்த வழிக்கு நான் பைக் பக்கம். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்தில் முழுசாக இறங்கிவிடும். சாமான் வைக்கவும் நெரிசலில் கியர் மாற்றாமல் போகவும் ஸ்கூட்டர் சுகம்தான், மறுக்கவில்லை.

செலவு: ஒரு நாளைக்கு 36 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 864 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டிக்குப் பதினேழு லிட்டர் சொச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,700 ரூபாய்க்குச் சற்று மேலே. பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆயில், செயின், டயர், பிரேக் ஷூ, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்குமாக மாதம் 600, 700 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். செயின் செட்டும் பின் டயரும் ஒரே மாதத்தில் கையை நீட்டும். அது எப்போதும் தீபாவளிக்கு முந்தின மாதமாகத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: ஹெல்மெட்

2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிக்கவும் விற்கவும் தடை. ஆனாலும் சாலையோரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் போதாது. உள்ளே கையை விட்டுப் பாருங்கள். துணிக்கு அடியில் கெட்டியான தெர்மாகோல் ஓடு இருக்க வேண்டும். அடியை வாங்குவது அதுதான். வெறும் பஞ்சு என்றால் அது தொப்பி.

வாங்கும்போது புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் கன்னத்துத் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். பிறகு வாரை மாட்டிக்கொண்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று முன்னால் வந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. ஒரு மாதத்தில் பஞ்சு அமுங்கிவிடும். ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாமல் இருந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள்.

கறுப்புக் கண்ணாடி வேண்டாம். போகும்போது வெயில் சரி, திரும்ப நேரமாகிவிட்டால் ஏழரை மணி இருட்டு. தெளிவான கண்ணாடி, வெயிலுக்குத் தனியாக ஒரு கூலிங் கிளாஸ். ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் விழுந்தால் எதிர் விளக்கு ஒவ்வொன்றும் இரவில் நட்சத்திரமாகத் தெறிக்கும்; சில நூறு ரூபாய்தான், மாற்றுங்கள்.

தலை அரிப்பு, பொடுகு, முடி கொட்டுதல் என்று ஹெல்மெட்டைத் திட்டுகிறவர்கள் ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மேலே போட்டுப் பாருங்கள். கைக்குட்டையை மட்டும் தினமும் துவைத்தால் போதும். ஈரத் தலையோடு மாட்டுவதுதான் பெரும்பாலும் வில்லன்.

நான்காம் படி: முந்தைய இரவு

காலை ஓட்டம் இரவிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பெட்ரோலை மாலையில் திரும்பும்போதே போட்டுவிடுங்கள். காலையில் பங்க்கில் நிற்கும் எட்டு நிமிடம்தான் பிறகு சாலையில் அவசரமாக மாறுகிறது. பை, அடையாள அட்டை, சாவி, ஹெல்மெட், கையுறை எல்லாம் ஒரே இடத்தில். சாம்பார் டப்பாவை நிமிர்த்தித் தனிப் பையில் வையுங்கள். லேப்டாப் பையில் சாம்பார் இறங்கிய கதை என்னிடம் ஒன்று இருக்கிறது. நினைத்தால் இப்போதும் பெருங்காய வாசனை வருகிறது.

வாரம் ஒருமுறை, இரவிலோ ஞாயிறு காலையிலோ, செயினைப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். அதிகம் தொங்கினால் பல்லிலிருந்து கழலும்; ரொம்ப இறுகினால் செயினும் தேயும், பேரிங்கும் போகும். லூப் ஸ்ப்ரே 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. என் ஓட்டத்துக்கு அது இரண்டு வாரத்துக்குச் சற்று மேலே. மழையில் நனைந்தால் அன்று இரவே. என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் அடிக்க வேண்டும். ஓடுகிற செயினில் துணியை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.

காற்று பத்து நாளைக்கு ஒருமுறை, டயர் சூடாகும் முன்பு, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில். அளவை பஞ்சர் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். எல்லா வண்டிக்கும் ஒரே எண் சொல்வார். செயின் கவரிலோ கையேட்டிலோ முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, பின்னால் ஆள் இருந்தால் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். காற்று குறைந்தால் மைலேஜ் விழும், திருப்பங்களில் வண்டி கனக்கும். பள்ளத்தில் ரிம் வளைவதும் அப்போதுதான்.

மெட்ரோ புழுதியில் ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே பார்க்க வேண்டும். பிசுபிசுப்பான எண்ணெய் ஊட்டிய காகித ஃபில்டர் என்றால் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சில மெக்கானிக்குகள் பழக்கத்தில் ஊதிக் கொடுத்துவிடுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

ஐந்தாம் படி: கிளம்பும் முன் ஒரு நிமிடம்

இரண்டு டயரையும் ஒரு பார்வை. முன் பிரேக், பின் பிரேக் ஒரு அழுத்து. பிரேக் விளக்கு எரிகிறதா என்று பின்சுவரில் விழும் சிவப்பைப் பார்த்தாலே தெரியும். இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு பக்கக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது ஸ்டைல் என்று நினைக்கிறவர்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

சைடு ஸ்டாண்ட் எடுத்தாயிற்றா. இப்போதைய வண்டிகளில் ஸ்டாண்ட் போட்டிருந்தால் என்ஜின் அணைந்துவிடும், பழைய வண்டிகளில் அந்த வசதி இல்லை. பின்னால் உட்காருபவரின் முந்தானை, துப்பட்டா சக்கரத்துப் பக்கம் தொங்குகிறதா என்பதை நீங்களே திரும்பிப் பாருங்கள். "சரியா இருக்கா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும்.

போன் பையில். மேப் தேவைப்பட்டால் காதில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் சத்தம் குறைவாக.

ஆறாம் படி: சாலையில்

முதல் விஷயம், இடைவெளி. மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். முன்னால் போகும் கார் பிரேக் போட்டதைக் கண்டு உங்கள் விரல் லீவரை எட்டுவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடும். அதாவது ஒரு பஸ் நீளம் பிரேக்கே இல்லாமல் போயாகிவிட்டது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை" என்று ரயில் நிலையப் பெயர்களை வரிசையாக, நிதானமாகச் சொல்லுங்கள். குரோம்பேட்டை வருவதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். மழையில் பல்லாவரம் வரை நீட்டிக்கொள்ளுங்கள்.

"இடைவெளி விட்டால் இன்னொருத்தன் புகுந்துவிடுவானே" என்பார்கள். புகுவான். புகுந்தால் இரண்டு மீட்டர் பின்வாங்குங்கள். 18 கிலோமீட்டரில் இருபது பேர் புகுந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒரு நிமிடம்கூட இல்லை.

இரண்டாவது, முன் பிரேக். அதைத் தொட்டாலே குப்புற விழுவோம் என்ற பயம் சைக்கிள் காலத்திலிருந்து வருகிறது. பிரேக் போட்டதும் எடையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குச் சாய்கிறது. பிடிப்பும் அங்கேதான் கூடுகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்பார், சக்கரமும் பூட்டிக்கொண்டு வாலாட்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாகப் பிடியுங்கள். கூடவே பின் பிரேக். ஆளில்லாத ஒரு மைதானத்துச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இருபது தடவை பழகினால் போதும். மணலிலும் திருப்பத்திலும் மட்டும் முன் பிரேக்கை லேசாக. வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, இந்தச் சாலையில் உள்ள ஜீவன்கள். ஷேர் ஆட்டோ இடது ஓரம் ஆள் நின்றால் அதே நொடியில் ஒடித்து நிறுத்தும். அதன் பின்னால் போகாதீர்கள், தாண்ட முடியாவிட்டால் தள்ளி இருங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யாராவது ஓடி வருவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரி இந்தப் பகுதியின் ராஜா. அது சிந்திக்கொண்டே போவதால் வெயில் காலத்திலும் திருப்பங்கள் ஈரமாக இருக்கும். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. இடதுபக்கம் திரும்பக் காத்திருக்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள இடம் எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும் நுழையாதீர்கள். பின்சக்கரம் திரும்பும்போது அந்த இடம் மூடிக்கொள்ளும்.

நாய் துரத்தினால் முறுக்காதீர்கள், காலையும் தூக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள்; அதன் எல்லை பத்துக் கடைதான். மாடு குறுக்கே வந்தால் அதன் வாலுக்குப் பின்னால் போங்கள், தலைக்கு முன்னால் வேண்டாம். மாடு பின்னால் நடப்பதில்லை.

சிக்னலில் முன்னால் நிற்கும் காருக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு ஓரம் தள்ளி நில்லுங்கள். பின்னால் வருகிறவர் பிரேக் பிடிக்காமல் வந்தால் நடுவில் நசுங்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு வண்டி வந்து முழுசாக நிற்கும்வரை முதல் கியரிலேயே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகு நியூட்ரல். பச்சை விழுந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுக் கிளம்புங்கள். எதிர்ப்பக்கச் சிவப்பில் கடைசியாகப் பாய்கிறவர் அந்த இரண்டு நொடியில்தான் வருவார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது மட்டும் எனக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரி காலைகளில் அங்கே கூழைக்கடாக்கள் கப்பல் மாதிரி மிதக்கும். சில வருடம் பூநாரைகளையும் பார்த்திருக்கிறேன். ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்பினால் ஓரமாக நிறுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் கையில் இருக்கும். ஓட்டிக்கொண்டே பார்ப்பது கூடாது; ஒருமுறை அப்படிப் பார்த்துத்தான் குப்பைத் தொட்டியை இடித்தேன்.

ஏழாம் படி: வெயில்

கத்திரி வெயிலில் மெல்லிய முழுக்கைச் சட்டையும் பருத்திக் கையுறையும் உடம்பைக் காக்கும். கை தெரிய ஓட்டினால் குளிர்ச்சி என்பது பிரமை. கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். மதியம் வெளியே நிற்கும் வண்டியின் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள், மாலையில் உட்காரும்போது அதன் அருமை தெரியும்.

எட்டாம் படி: மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த வழிக்கு அது வெறும் ஈரம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள எல்லாத் தண்ணீரும் தேங்கி வடிகிற இடத்தில்தான் நாம் சாலை போட்டு வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பைக் என்ன, லாரியே தயங்கியது.

முதல் பத்து நிமிட மழைதான் மோசம். சாலையில் படிந்த ஆயிலும் புழுதியும் சேர்ந்து வழுக்கும். முடிந்தால் அந்த நேரத்தை ஒரு டீக்கடையில் கழியுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே நின்று ரெயின் கோட் மாட்டுகிறவர்களுக்குப் பின்னால்தான் வேகமாக வரும் கார் ஒன்று எப்போதும் இருக்கிறது. ரெயின் கோட் சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக உள்ளதாக இருக்கட்டும். நீளமான ஒற்றை அங்கி காற்றில் பாராசூட் மாதிரி விரியும், சக்கரத்திலும் சிக்கும். அலுவலகத்தில் ஒரு செட் காலுறையும் ஒரு செருப்பும் நிரந்தரமாக இருக்கட்டும்.

ஈரச் சாலையில் மூன்று வழுக்குமிடங்கள்: வெள்ளைக் கோடுகள், சாக்கடை மூடிகள், மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள். இவற்றின் மேல் வண்டி நிமிர்ந்து இருக்க வேண்டும்; பிரேக்கும் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம்.

தேங்கிய தண்ணீரைக் கண்டதும் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு பைக் போகட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சக்கரத்தின் அச்சுக்கு மேலே என்றால் திரும்பிவிடுங்கள். இறங்குவதென்றால் சாலையின் நடுப்பகுதியில் போங்கள். திறந்த சாக்கடையும் பள்ளமும் ஓரத்தில்தான். முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர், தேவைப்பட்டால் பாதி கிளட்ச். நடுவில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் சைலன்சர் வழியே தண்ணீர் ஏறும். பக்கத்தில் பஸ் போனால் அது எழுப்பும் அலை உங்கள் வண்டியைத் தாண்டி அடிக்கும், ஆகவே அது போகும்வரை பொறுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே ஐம்பது மீட்டர் ஓட்டினால் ஈரம் காய்ந்து பிரேக் திரும்ப வரும்.

தண்ணீரில் அணைந்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ஏர் ஃபில்டர் வழியே என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு செல்ஃபில் ஆயிரங்கள் செலவாகும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள், மெக்கானிக்கிடம் ஃபில்டரையும் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் டீயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் பைக்கை எடுக்காதீர்கள். விடுப்பு எடுத்தால் ஒரு நாள் சம்பளம்தான்.

ஒன்பதாம் படி: வண்டி நின்றுபோனால்

முதலில் கைப்பிடியில் உள்ள, என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச். ஒருமுறை செம்பாக்கத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கர் உதைத்து உதைத்துக் கால் வலித்து, அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மெக்கானிக் வண்டியைத் தொடக்கூட இல்லை. "இன்னா சார், சுவிட்ச்ச ஆஃப்ல வெச்சுக்கினு தள்ளிக்கினு வர்றீங்க?" என்றார். வீட்டில் பையன் முந்தின நாள் வண்டியில் ஏறி விளையாடியிருக்கிறான்.

அதன் பிறகு பெட்ரோல், பிறகு சைடு ஸ்டாண்ட், பிறகு பிளக் மூடி கழன்றிருக்கிறதா. செல்ஃப் அடிக்காமல் கிளிக் சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி. கிக்கர் இருந்தால் உதைத்துக் கிளப்பலாம்.

பஞ்சரில், டியூப்லெஸ் டயர் என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். மெதுவாகக் கடை வரை போகலாம். டியூப் உள்ள டயரில் காற்று இறங்கிய பிறகு ஓட்டினால் டியூப் கிழிந்து, வால்வும் பிய்ந்து, ஒட்டுப் போடுகிற வேலை புது டியூப் வேலையாகிவிடும்.

கிளட்ச் கேபிள் சொல்லாமல் அறுகிற சாமான். புதுக் கேபிள் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள். பழைய மெக்கானிக்குகள் அதை ஓடுகிற கேபிளோடு சேர்த்தே கட்டிவிடுவார்கள்; அறுந்த இடத்தில் இரண்டு முனையை மாற்றினால் வேலை முடிந்தது.

பத்தாம் படி: காகிதம், அபராதம், விபத்து

லைசென்ஸும் ஆர்சியும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இருந்தாலே செல்லும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய். பின்னால் இருப்பவருக்கும் அதே. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 2,000. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவையே 10,000.

2018க்குப் பிறகு வாங்கிய வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு வாங்கும்போதே வந்துவிடுகிறது. பலரும் அதையே முழு இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் வண்டி நசுங்கினாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ அது ஒரு பைசா தராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியை வருடா வருடம் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டுபவராக இருந்தால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். அது ஒரு வருடத்தில் முடிந்திருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இந்த வரியைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் எழுந்து போய்ப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

விபத்தைக் கண்டால் 108. தூக்குகிறவர் அடிபட்டவரின் ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுத்துக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அடி இருக்கலாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பொருந்தும். உங்கள் வழியில் உள்ள அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் படி: உடம்பு, கோபம்

உள்ளங்கை மரத்துப்போனால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். முட்டியால் டேங்கை அணைத்துப் பிடித்தால் கை தானாகத் தளரும். லேப்டாப் பையின் எடை தோளில் தொங்காமல் சீட்டில் உட்காரும்படி வாரை நீட்டிவிடுங்கள். முதுகுவலி பாதி குறையும். சளி மாத்திரை போட்ட நாளில் பஸ். தூக்கம் வரவழைக்கிற மாத்திரை எது என்று மருந்துக் கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

கோபத்துக்கு என்னிடம் இருப்பது ஒரு விசித்திரமான மருந்து. ஒரு நாளைக்குப் பத்து ஹாரன் என்று எனக்கு நானே ரேஷன் வைத்திருக்கிறேன். முதல் வாரம் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டுவதற்குள் பத்தும் தீர்ந்துவிட்டன. மீதி வழியெல்லாம் ஹாரன் இல்லாமல் போக, வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இப்போது பல நாட்களில் ஆறு மிச்சமாகிறது. குறுக்கே வெட்டிய பையனைத் துரத்திப்போய்த் திட்டினால் அவன் திருந்தப் போவதில்லை. அடுத்த சிக்னலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கப்போகிறோம்.

கடைசிப் படி: வீட்டு வாசலில்

சைலன்சர் ஆறும்வரை குழந்தைகள் வண்டிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் அந்தப் பிறை வடிவத் தழும்பு இல்லாத சென்னைக் குழந்தை அபூர்வம். ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வைத்தால் உள் ஈரம் காயும். ஓடோமீட்டர் எண்ணை நோட்டில் எழுதுங்கள். செயினுக்கு லூப் அடித்து 500 ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, கைக்குட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.